அவளுக்கும் சேர்த்து

ஊசியத்தைக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. கைகளைக் கேளுங்கள், சொல்வாள். குச்சிக் கை, கொழுகொழு கை, சொறி பிடித்த கை, தொடுவதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் கை. வேலைக்கு வந்த புதிதில் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் என்ன வந்தது? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அந்த முகங்களும் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. போதுமடா சாமி என்று ஒரு நாள் விட்டுவிட்டாள். கை இருந்தால் ஊசி போடலாம். முகம் எதற்கு?

புதிதாக நாட்டுக்குள் வந்து இறங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதுதான் அவளுடைய வேலை. அந்த மருத்துவ நிலையம் முன்பு கட்டில், பீரோ விற்ற கடை. கண்ணாடி முகப்பு இன்னும் அப்படியே இருந்தது. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு நடை, நடையின் கடைசியில் ஊசி அறை. அங்கே ஒரு நாற்காலி, ஒரு மேசை, மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி. எதிர்ச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன யானைப் படம். நாற்காலியில் உட்காரும் பிள்ளையிடம், "யானைக்கு எத்தனை காலு, எண்ணு" என்பாள். நாலு வரை எண்ணுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவள் பேசும் மொழியே பேசுகிற சனம் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஊசியத்தை. சொந்த அத்தையாக இருந்திருந்தால் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டார்கள், பாவம்.

வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் மூடுவார். டாக்டரம்மா வாரத்தில் சில நாள் வந்து பிள்ளைகளைச் சோதித்து, எடை பார்த்து, இன்ன ஊசி போடு என்று எழுதிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் ஊசியத்தை பாடு.

ஊசியத்தை வைத்த சட்டம் ஒன்று உண்டு. அம்மாக்கள் ஊசி அறைக்குள் வரக் கூடாது. பிள்ளை ஒரு பங்கு அழுதால் அம்மா மூன்று பங்கு அழுகிறாள். அதைப் பார்த்துப் பிள்ளை இன்னும் ஏழு பங்கு. ஆகவே அம்மாக்கள் முன்கூடத்தில். பிள்ளைகள் மட்டும் நடையிலுள்ள பெஞ்சில் வரிசையாக. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையும் அதே பெஞ்சில்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மயக்கம் கியக்கம் வரவில்லை என்று தெரிந்த பிறகு போக வேண்டும். "ராணுவ ஆட்சி நடக்குது உள்ள" என்பார் ரேடியோ. ஆனால் கூட்டம் சீக்கிரம் கரைந்தது. டாக்டரம்மா பாராட்டக்கூடச் செய்தாள்.

இந்த வருஷம் ஊசியத்தை இன்னும் இறுகிப் போயிருந்தாள். ஊரில் அவளுடைய அம்மா இறந்த செய்தி இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வந்தது. தங்கச்சி போனில் கத்திக் கதறினாள். ஊசியத்தை "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டு, கையைக் கழுவி, அடுத்த பிள்ளைக்கு யானையின் காலை எண்ணச் சொன்னாள். போகவும் முடியவில்லை. இங்கே இருக்கும் அனுமதி இன்னும் உறுதியாகாத நிலை. வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. அதற்குப் பிறகு தங்கச்சி போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டியாக்கா?" வந்தால் விட மாட்டாளா? வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருப்பதுபோல அவள் முழுக்க இருந்தாள். கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலி தெரியாது.

ஓர் அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். தகப்பன் இன்னும் வந்து சேரவில்லை; வழியில் ஏதோ ஒரு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தான். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு எட்டு. வழியில் தங்கவைத்திருந்த முகாமில் பேன் தொல்லை என்று இரண்டு பேருக்கும் ஒட்ட வெட்டிவிட்ட முடி ஒரே அளவாக வளர்ந்திருந்தது. உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியவளுக்கு மஞ்சள் ஸ்வெட்டர், சின்னவளுக்கு நீலம். தானமாக வந்த துணி, இரண்டுமே தொளதொள.

"சின்னவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க அக்கா" என்றாள் அம்மாக்காரி. "முகாம்ல நாலு பேரு அமுக்கிப் பிடிச்சு ரத்தம் எடுத்தாங்க. அதுலேருந்து ஊசின்னாலே உசிர விட்டுடுவா."

"நான் பாத்துக்கறேன். நீ போய் உக்காரு."

பார்த்துக்கொண்டாளா? மஞ்சள் ஸ்வெட்டர் வந்தது. பெயர் கேட்டாள், சொன்னது. இடது கையில் இரண்டு ஊசி. சத்தமே இல்லை. ஒட்டுப்பட்டை போட்டு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் நீல ஸ்வெட்டர் வந்தது. பெயர் கேட்டாள், சொன்னது. வலது கையை அதுவாகவே நீட்டியது.

"இடது கைய நீட்டும்மா."

"நான் இடது கையாலதான் எழுதுவேன் அத்தை. வலிச்சா எழுத முடியாது."

நியாயமான பேச்சு. வலது கையில் இரண்டு ஊசி. மூச்சுக்கூட விடவில்லை. "உசிர விட்டுடுவாளாம்! இந்த அம்மாக்களே இப்படித்தான்" என்று நினைத்துக்கொண்டாள் ஊசியத்தை. குளிர்ப்பெட்டியைச் சாத்தினாள். அடுத்த கை வந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். புதிதாக வந்த குடும்பங்கள் தங்கும் விடுதியில் தட்டம்மை வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நீளமான கட்டடம் அது. ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையலறை. அம்மைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? ஒருத்தர் இருமினால் கடைசி அறை வரைக்கும் போகும். ஊசியத்தையும் டாக்டரம்மாவும் போய் ஒவ்வொரு அறையாகத் தட்டி, யார் யாருக்கு ஊசி போடவில்லை என்று பார்த்துப் போட்டார்கள்.

அந்த அம்மாவின் அறைக்கு வந்தபோது அவள் எதிர் அறைக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்திருந்தது. ஊசி போடும் வயது வராத குழந்தை.

"இவங்கம்மாவுக்கு இந்த வாரந்தான் வேலை கெடச்சிருக்கு அக்கா. லீவு போட்டா அனுப்பிடுவானுங்க. பகல்ல மட்டும் நான் வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன். எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிடுச்சு. ஆனா இதுங்க ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகாதே? பயமா இருக்கு. நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே குடுத்துடறேன்."

ஊசியத்தை தன் தாளைப் பார்த்தாள். இரண்டு பெயருக்கும் நேராக டிக் இருந்தது. அவளே போட்ட டிக்.

"உன் பிள்ளைங்களுக்குத்தான் போட்டாச்சே. ரெண்டாவது தவணைக்கு இன்னும் நாள் இருக்கு. தாராளமா வெச்சுக்கோ."

"அன்னிக்கு ராத்திரி பெரியவளுக்குத்தான் காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு கையும் தூக்க முடியலன்னா. சின்னவ கல்லு மாதிரி இருந்தா" என்று சிரித்தாள் அம்மாக்காரி. பயம் போன சிரிப்பு.

அறைக்குள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சின்னவள் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் வலது கையில் இருந்தது. ஊசியத்தையின் கண்ணில் அது பட்டது. கண்ணில் பட்டதெல்லாம் மண்டையில் ஏறுகிற காலமா அது? அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டாள்.

கைக்குழந்தை தேறிவிட்டது. அது அதிர்ஷ்டக்காரக் குழந்தை. சின்னவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. முதலில் சளி, கண் சிவப்பு, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து பொரிய ஆரம்பித்தது. காது வலி என்று சுருண்டு கிடந்தாள். மூச்சு விட முடியாமல் நெஞ்சு ஏறி இறங்கிய அன்று பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"போட்டும் வந்திருக்கே டாக்டரம்மா" என்றாள் ஊசியத்தை.

"ஒரே தவணைதானே போட்டிருக்கு. சில பேரு உடம்புல மருந்து பிடிக்காது. நீ என்ன பண்ணுவே? விடு" என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

விட்டுவிட்டாள் ஊசியத்தை. மனசு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்றுகூட இப்போதெல்லாம் அவளுக்குத் தோன்றுவதில்லை.

மறுநாள் காலையில் அம்மாக்காரி பெரியவளைக் கூட்டிக்கொண்டு வந்து ரேடியோவிடம் விட்டாள். ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை விட மாட்டேன் என்கிறார்கள், விடுதியில் தனியாக விடப் பயமாக இருக்கிறது, சாயங்காலம் வரைக்கும் இங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும் என்றாள். "தாராளமா இருக்கட்டும்மா, எனக்கும் பேச்சுத் துணையாச்சு" என்றார் ரேடியோ. ஆனால் அந்தப் பிள்ளை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே நடைக்குப் போய், பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் வந்து வந்து போனார்கள். அது நகரவில்லை. ரேடியோ கொடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருந்தது.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு ஊசியத்தை கையுறையைக் கழற்றப் போனாள். அப்போதுதான் பெரியவள் உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டி, இடது கையை நீட்டினாள்.

"என்னம்மா? உனக்கு இன்னிக்கு ஊசி இல்லை."

"இன்னும் ஒண்ணு போடுங்க அத்தை."

"உனக்கெதுக்கு இன்னும் ஒண்ணு?"

"எனக்கில்ல. அவளுக்கு."

ஊசியத்தை கையுறையைப் பாதி கழற்றியபடி நின்றாள்.

"அன்னிக்கு ரெண்டு தடவ வந்தேன்ல. மொதல்ல எனக்கு. அப்புறம் ஸ்வெட்டர மாத்திக்கிட்டு அவளுக்கும் சேத்து. ஒட்டினத எடுத்து அவ கையில ஒட்டிட்டேன், அம்மா பாப்பாங்கன்னு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "முகாம்ல அப்படித்தான் அத்தை. கூட்டத்துல இவளால நிக்க முடியாது. நான்தான் நிப்பேன், அவ பேரையும் நானே சொல்லுவேன், அவ பங்கையும் குடுத்துருவாங்க. சோறு, போர்வை, சோப்பு எல்லாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அவளுக்குப் போட்டது பத்தல போல. அதான் காய்ச்சல் வந்துடுச்சு. நான் அழ மாட்டேன். எத்தன வேணும்னாலும் போடுங்க."

அப்போதுதான் ஊசியத்தை அந்த முகத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லை, அது நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு பழைய தழும்பு ஒன்று. மேல்வரிசையில் ஒரு பல் கோணல். சின்னவளுக்குத் தழும்பும் கிடையாது, கோணல் பல்லும் கிடையாது. விடுதியில் பார்த்தது இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வந்தது, வலது கைப் பென்சில் உட்பட. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். அடிப்பாவி, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"போடுங்க அத்தை" என்றாள் பெரியவள் மறுபடியும்.

"ஊசி அப்படி இல்லடா கண்ணு." தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. "சோத்த வாங்கிட்டுப் போய்க் குடுக்கலாம். இது யாரு உடம்புல போகுதோ அவங்களுக்கு மட்டுந்தான்."

பெரியவள் யோசித்தாள். அவள் முகத்தில் அது மெதுவாக இறங்குவதை ஊசியத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பயந்துதானே இத்தனை நாள் முகங்களைப் பார்க்காமல் இருந்தாள்!

"அப்ப அவளுக்கு ஒண்ணுமே போடலியா?"

"போடல."

"என்னாலயா?"

"இல்ல. நான் பாக்கல. பாக்க வேண்டியது என் வேலை." சுருட்டிய ஸ்வெட்டர் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "அம்மாகிட்ட இத நான் சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டியா?"

சொல்லாமலே இருந்திருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஊசி பிடிக்கவில்லை என்று கதை முடிந்துவிட்டது. சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் இங்கே இருக்கும் அனுமதியும் ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் சின்னவள் பெயருக்கு நேரே எல்லா டிக்கும் இருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது. அம்மை வந்துவிட்டது, சரி. மற்ற நோய்கள் காத்துக்கொண்டுதானே இருக்கின்றன? ஊசியத்தை பயப்படக்கூட இல்லை. டாக்டரம்மாவின் கதவைத் தட்டி, உட்காராமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள். "மேல எழுதியாகணும். தெரியும்ல?"

"எழுதுங்க."

"விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும்."

"உனக்கு என்ன ஆச்சு? கொஞ்சம்கூடப் பதறல நீ."

என்ன ஆச்சு என்று தெரிந்தால் சொல்ல மாட்டாளா?

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாக்காரி வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது, உயிருக்கு இனி பயமில்லை என்று சொல்லியிருக்கிறார்களாம். காதில் சீழ் கட்டி உடைந்துவிட்டதாம், அதைத்தான் பார்க்கிறார்களாம். ஊசியத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"உன் சின்னவளுக்கு நான் ஊசி போடல. பெரியவளுக்கே ரெண்டு தடவ போட்டுட்டேன். முகத்தப் பாக்காமப் போட்டுட்டேன். தப்பு முழுக்க என்னோடது."

அம்மாக்காரி புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அடிப்பாள் என்று ஊசியத்தை நினைத்தாள். கன்னத்தைத் தயாராகக்கூட வைத்திருந்தாள். நன்றாக நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க போட்டாச்சுன்னு சொன்னீங்களே அக்கா" என்றாள் அவள். "உங்களக் கேட்டுட்டுத்தானே அந்தக் குழந்தைய மடியில வெச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான். நர்ஸ் ஒருத்தி வந்து கூப்பிட, அம்மாக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணை நடந்தது. வேலை போகவில்லை; ஆள் பற்றாக்குறை என்பது எத்தனையோ பேரைக் காப்பாற்றும். எச்சரிக்கை கொடுத்தார்கள். இனிமேல் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு ஊசி அறைக்குள் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அழுகைச் சத்தம் கண்ணாடி முகப்பு வரைக்கும் கேட்டது. "இப்பத்தான் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் ரேடியோ. அந்த நடைப் பெஞ்சைத் தூக்கி முன்கூடத்தில் போட்டாயிற்று. தங்கச்சி போனில் கேட்டாள், "அழுதியாக்கா?" இல்லை என்றாள்.

சின்னவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு தேறிய பிறகு. அவளுக்கு எல்லா ஊசியையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு ரேடியோ சாப்பிடப் போயிருந்தார். ஊசியத்தையே முன்கூடத்துக்கு வந்தாள். கூட்டம் அதிகம் இல்லை. பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாக்காரி தலையைத் தூக்கவில்லை. சின்னவள் மெலிந்து, ஸ்வெட்டர் இன்னும் தொளதொளத்து, காலை ஆட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்தாள். முகம் நன்றாகத் தெரிந்தது. இப்போது எத்தனை கூட்டத்தில் நின்றாலும் ஊசியத்தைக்கு அந்த முகம் தெரியும்.

பெயரைக் கூப்பிட்டாள்.

சின்னவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆட்டுவதையும் நிறுத்தவில்லை.

பயந்துபோய்க் கேட்காததுபோல இருக்கிறாள் என்று நினைத்து, ஊசியத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள்.

பெரியவள்தான் எழுந்தாள். பழக்கம் போலிருக்கிறது, எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஊசியத்தையைப் பார்த்தாள். பிறகு தங்கச்சியின் தோளைத் தட்டினாள். தாடையைப் பிடித்து அவள் முகத்தை ஊசியத்தை பக்கம் திருப்பிவிட்டாள்.

"இந்தப் பக்கம் காது கேக்காது அத்தை" என்றாள். "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிடறேன்."